மேண்டன் துப்பாக்கிக்கு என்ன மதிப்பு?

தாத்தா லைசென்ஸுடன் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது டீலரிடம் டெபாசிட்டில் இருக்கிறது. 'மேண்டன் அண்ட் கோ, கல்கத்தா' என்று பொறித்திருக்கிறது. இது அபூர்வமானதா? நல்ல விலை போகுமா?
– வாசகர், திலக் நகர், செம்பூர்

பெயரை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். லண்டனின் புகழ்பெற்ற துப்பாக்கிக் கலைஞர் ஜோசப் மேண்டனின் குடும்பத்தார் கல்கத்தாவில் தொடங்கிய கடை அது. அங்கே விற்றவற்றில் பல பர்மிங்காமில் செய்யப்பட்டவை. இந்தியாவில் இன்றும் கண்ணில் படுபவை. கல்கத்தாவின் ராடா என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பெயரும் அப்படித்தான்.

உண்மையான ஜாதகம் குழலின் அடியில் இருக்கிறது. டீலரைக் குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பர்மிங்காமா, லண்டனா என்பதை அங்குள்ள சோதனை முத்திரைகள் சொல்லிவிடும். 'நைட்ரோ' முத்திரை இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்கும் சோதிக்கப்பட்டது. குழலில் அலையலையாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் வகைக் குழல், சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள்.

அடுத்து இயக்கம். 1875இல் வந்த ஆன்சன்-டீலி பாக்ஸ்லாக் வகை ஏராளம். பக்கத் தகட்டில் கைவேலைப்பாடு கொண்ட நல்ல சைட்லாக் என்றால் மதிப்பு வேறு. பழைய பெட்டி, லேபிள், ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பாலிஷ் மட்டும் போடவே வேண்டாம்! தேய்ந்த வேலைப்பாடு திரும்பாது.

வாங்குபவரின் லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.