வண்டி இரவில் நிற்கும் இடம்

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலுள்ள ஓர் உருக்காலைக்கு மின்சாரக் காரில் போய்வரும் என்னிடம், வாயிலருகே தேநீர் அருந்தும் நண்பர்கள் கேட்பது எப்போதும் ஒன்றே: "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் சார் ஓடும்?"

2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்காருக்கு 30.2 கிலோவாட் மணி பேட்டரியும், 312 கிலோமீட்டர் என்ற சோதனைச் சான்றும் இருந்தன. அந்த ரக வண்டியைச் சித்திரை வெயிலில் ஏசியுடன் ஓட்டுகிறவர் 200 கிலோமீட்டரை நம்பிப் பிரயாணத்தை வகுத்துக்கொள்வதே விவேகம். ஏசியைவிடப் பெரிய செலவாளி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கல்கத்தா நெடுஞ்சாலையில் 100-ல் பறப்பவரின் பேட்டரி, 70-ல் செல்பவருடையதைக் காட்டிலும் வெகு சீக்கிரம் இறங்கிவிடும். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலருகே நின்று நின்று ஊர்வதிலோ அத்தனை நஷ்டமில்லை, பிரேக் பிடிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது.

போகவர நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அந்த 200 தாராளம். ஆகையால் நான் திருப்பிக் கேட்பது, "ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?" என்பதுதான். வாசலுக்குள் இடமும் தம் பெயரில் மீட்டரும் உள்ளவர், 16 ஆம்பியர் பிளக் ஒன்றிலேயே மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டியைப்போல் சற்று நேரம் சூடாகி அணைவதன்று இது. எட்டுப் பத்து மணி நேரம் ஓயாமல் இழுக்கிற லோடு. பிரத்தியேகமான வயர், தனி எம்சிபி, சரியான எர்த் ஆகிய மூன்றும் அத்தியாவசியம். எக்ஸ்டென்ஷன் பெட்டியை நினைக்கவே வேண்டாம். எர்த் சரியில்லையென்றால் பல வண்டிகள் சார்ஜ் ஏறவே மறுக்கும். என்னைக் கேட்டால் அது பெரிய உபகாரம். அன்றாடம் 100 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டி உயர்ந்த விகிதத்துக்குப் போவது நிச்சயம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும், பெட்ரோலுக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல ஊர்கள் மின்சாரமின்றிக் கிடந்ததை எண்ணி, மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்த அன்றே முழுக்க ஏற்றிவிடுவது நலம்.

அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்துத்தானே இந்த மின்சாரம் வருகிறது என்பாரும் உண்டு. மெய்தான், எனினும் பெட்ரோல் இன்ஜின் உஷ்ணமாக விரயமாக்கும் அளவை நோக்க மோட்டாரின் விரயம் அற்பம்.

எனக்கு விடை தெரியாத இடம் வேறு. கவரைப்பேட்டையில் வாடகைப் போர்ஷனில் இருந்துகொண்டு, வண்டியைத் தெருவில் நிறுத்தி, மீட்டரை வீட்டுக்காரரோடு பங்கிட்டுக்கொள்ளும் ஊழியர்களே எங்களில் அதிகம். அவர்களிடம் இக்காரை வாங்கச் சொல்ல இன்று எனக்கு மனம் வராது. பகல் ஷிப்டில் எட்டு மணி நேரம் கார் சும்மா நிற்கும் ஆலை ஷெட்டில் சாதாரணப் பிளக்குகளை வைத்தால் அவர்களுக்கும் சாத்தியமாகும். மின்சாரத்துக்கு எங்கே போவது என்று நிர்வாகங்கள் தயங்கலாம். எங்கள் இண்டக்ஷன் உலை ஒரு டன் இரும்பை உருக்க 500 யூனிட்டுக்கு மேல் விழுங்குகிறது. அதைக்கொண்டு என்னைப்போல் தொலைவிலிருந்து வரும் ஓர் ஊழியரே ஏறத்தாழ ஒரு மாதம் காரில் வேலைக்கு வந்துபோகலாம்.