லைன் கிடைக்காத இடத்தில்

2020 ஜூன் மாதம். நடமாட்டக் கட்டுப்பாட்டினால் பல்கலைக்கழகத் தேர்வுகள் இணையவழி நடைபெற்ற காலம். சபா மாநிலத்தின் பீத்தாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் கிராமத்தில் இணையத் தொடர்பு கிடைக்காததால், மரத்தின்மேல் ஏறி, ஏறக்குறைய 24 மணி நேரம் தங்கித் தேர்வு எழுதினார். அவர் பதிவேற்றிய காணொலி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

மரத்தின்மேல் மட்டும் தொடர்பு கிடைத்தது ஏன்? கைப்பேசியும் தொலைத்தொடர்புக் கோபுரமும் வானொலி அலைகளால் பேசிக்கொள்கின்றன. குன்றும் அடர்ந்த மரங்களும் அவ்வலைகளைத் தடுக்கும். ஈரமான இலைகள் அவற்றை ஈர்த்துக்கொள்ளும். உயரே செல்லச் செல்லத் தடைகள் குறையும்.

சபாவில் மட்டுமன்று, ஈஜோக் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தின் நடுவே, மழை ஓய்ந்த மாலையில் வாகனம் பழுதானால் நமக்கும் இந்நிலை நேரலாம். அப்போது என்ன செய்யலாம்?

முதலில், வாகனத்தைவிட்டு வெளியே வாருங்கள். அதன் இரும்புக்கூடும் அலைகளைத் தடுக்கும். செம்பனை ஓலைகளின் கீழிருந்து விலகி, திறந்த மேட்டுநிலத்துக்குச் செல்லுங்கள். பிறகு, விமானப் பயன்முறையைச் சில விநாடிகள் இயக்கி அணைத்தால், கைப்பேசி கோபுரத்தைப் புதிதாகத் தேடும். ஆனால், இடி மின்னலின்போது மேட்டிலோ மரத்தடியிலோ நிற்காதீர்கள்; வாகனத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு.

சமிக்ஞை சிறிதளவே இருந்தால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பு துண்டிக்கப்படும் இடத்திலும் அது சென்று சேரக்கூடும். நீங்கள் இருக்கும் இடம், உடனிருப்போர் எண்ணிக்கை, நேர்ந்தது என்ன ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். அருகில் தோட்டப் பகுதி எண் பலகை இருந்தால் அந்த எண்ணையும் குறிப்பிடுங்கள்.

ஆபத்து வேளையில் 999 அல்லது 112-ஐ அழையுங்கள். உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சமிக்ஞை இருந்தால் அதன்வழி 112 அழைப்பு செல்லும். எந்தச் சமிக்ஞையும் இல்லையெனில் அதுவும் செல்லாது.

சமிக்ஞையைத் தேடித் தேடியே கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே, முயற்சிகளுக்கு இடையே விமானப் பயன்முறையில் வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான வழி ஒன்றுண்டு. புறப்படுமுன், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கைப்பேசி கைவிட்டாலும், சொல்லிவிட்டு வந்த சொல் கைகொடுக்கும்.