தொகுப்புப் போரும் சான்றும்: ஹல்துமுல்லையின் இளைய விக்கிப்பீடியருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டின்மேல் நடக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் பூசல் எழுவது இயல்பு. அந்தப் பூசலைக் கண்டு மனம் நொந்து முதலில் ஒதுங்கிக்கொள்வோர் பெரும்பாலும் தம் ஊரை நன்கு அறிந்தவர்களாக இருந்துவிடுவதே பேரிழப்பு. 2003 செப்டெம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா, அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் எழுத வந்த பிறகே உருப்பெற்று, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அத்தனை கட்டுரைகளுக்கிடையே ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பெரகலை போன்ற ஊர்களின் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்துவருவோர் மிகச் சிலர். ஆதலால் இப்பக்கங்களைத் தம்பி தமது கவனிப்புப் பட்டியலில், அதாவது தொகுப்பாளர் தெரிந்தெடுத்த பக்கங்களில் நிகழும் மாற்றங்களை மட்டும் திரட்டிக் காட்டும் பட்டியலில், சேர்த்துக்கொண்டது சிறிய செயல்போலத் தோன்றினாலும் ஊவாவின் தோட்டங்களுக்கு அது பெரிய துணை.

முதலில் பிரித்தறிய வேண்டியவை மூன்று. கட்டுரையைக் கெடுக்கும் நோக்குடனேயே செய்யப்படும் மாற்றத்தை விசமத் தொகுப்பு என்பர். பக்கத்தை வெறுமையாக்குதல், வசைச்சொல் எழுதுதல், ஊரின் புகழ்பெற்றோர் வரிசையில் நண்பனின் பெயரைச் செருகுதல் என்பன அதன் வழக்கமான வடிவங்கள். அறியாமையால் நேரும் பிழை வேறு: புதிதாக வந்தவர் நாளிதழ்ச் செய்தியை அப்படியே படியெடுத்து ஒட்டினால் அது பதிப்புரிமை மீறல் ஆகும், ஆயினும் அவர் கெடுக்க வந்தவர் அல்லர். மூன்றாவது உண்மையான கருத்து வேறுபாடு. இரு தரப்பாரும் நேர்மையுடன் எழுதி, இரு தரப்பாரிடமும் சான்று இருந்தும் ஒத்துவராத நிலை. எதிராளி எழுதியதையெல்லாம் விசமம் என்று பெயரிட்டு நீக்குவதே புதிய தொகுப்பாளர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. அந்தப் பெயர் ஒருமுறை சூட்டப்பட்டுவிட்டால் எதிரே இருப்பவர் சான்றைப் பற்றிப் பேசுவதை விட்டுத் தம் மானத்தைக் காக்கத் தொடங்கிவிடுவார். அதன்பின் கட்டுரை எவருடைய கவனத்திலும் இராது.

விசமத் தொகுப்பைச் சமாளிப்பது மூன்றிலும் எளிது. ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் முந்தைய பதிப்புகள் அனைத்தும் சேமிக்கப்பட்டிருப்பதால், கெட்டதை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு, அதாவது மீளமைப்பதற்கு, கெடுப்பதற்கு ஆகும் நேரம்கூட ஆகாது. மீளமைத்ததும் தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதி, அந்தப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் அமைதியான எச்சரிக்கை ஒன்றை இட்டு, மீண்டும் மீண்டும் நடந்தால் நிர்வாகிகளிடம் தெரிவிப்பதே முறை. பக்கத்தைக் காப்பிடவும் பயனரைத் தடை செய்யவும் அதிகாரம் பெற்றவர்கள் அவர்களே. கேலிக்கு மறுகேலி எழுதுவது, விசமி தேடி வந்த கூத்துக்கு மேடை போட்டுக் கொடுப்பதாகும். பாடசாலைக் கணினிக்கூடத்திலிருந்து பயனர் கணக்கின்றி வரும் தொகுப்புகளில் கூடுதல் நிதானம் தேவை. ஒரே இணைய இணைப்பின் பின்னால் ஒரு வகுப்பே இருக்கக்கூடும், ஒரு மாணவனின் குறும்புக்காக அந்த இணைப்பை நெடுநாள் தடை செய்தால், நாளை எழுத வரக்கூடிய மற்றவர்களும் வாசலிலேயே நிறுத்தப்படுவர்.

எளிதில் கண்ணில் படாத விசமமே ஆபத்தானது. 2005 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகன்தாலரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலைகளோடு அவரைத் தொடர்புபடுத்தும் பொய் ஒன்றை எவரோ எழுதினர்; வசைச்சொல் ஏதுமின்றிக் கட்டுரையின் நடையிலேயே அது இருந்ததால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. அவர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதிய பின்னரே, கணக்கில்லாதோர் அங்கு புதிய கட்டுரை தொடங்கும் வசதி அவ்வாண்டு டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. உயிருடன் இருப்போரைப் பற்றிய சான்றில்லாத பழிச்சொல்லை, உரையாடலுக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை. தேர்தல் காலங்களில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்கள், மாகாண சபை, பிரதேச சபை அரசியலாளர்கள் ஆகியோரின் பக்கங்களைத் தம்பி தனிக் கவனத்துடன் பார்த்துவருவது நல்லது. புகழ்ச்சியும் பழியும் ஒரே வாரத்தில் வந்து சேரும் பக்கங்கள் அவை.

இனிக் கடினமான பகுதி. இரு தொகுப்பாளர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் மாறி மாறி நீக்கிக்கொண்டிருப்பதைத் தொகுப்புப் போர் என்பர். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கலாகாது என்ற விதி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004இல் உருவானது இதனால்தான். அவ்விதியை மூன்று முறை மீளமைக்கும் உரிமையாகப் படிப்போர் உண்டு. அது உரிமை வழங்கும் விதி அன்று, இரண்டாவது மீளமைப்பிலேயே பேச்சுப் பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இதைவிடக் கடுமையான கட்டுப்பாட்டை மனமுவந்து ஏற்றவர்கள் இலங்கையரே என்பது தம்பி அறிந்திருக்க வேண்டிய செய்தி. இலங்கையின் உள்நாட்டுப் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைக் கட்டுரைகள் தமிழ், சிங்களத் தொகுப்பாளர்களின் ஓயாத தொகுப்புப் போரில் சிக்கியிருந்தன. அப்போது இரு தரப்பிலிருந்தும் சிலர் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்றதொரு குழுவை அமைத்து, 2007இல் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மீளமைப்புகளை மிகக் குறைத்துக்கொள்வது, ஏற்க முடியாத இடத்தில் அடையாளமிட்டுப் பொது உரையாடலுக்குக் கொண்டுவருவது, ஒரு தரப்பைச் சார்ந்த ஊடகத்தை மேற்கோள் காட்டும்போது அதன் சார்பையும் பெயரையும் வாக்கியத்திலேயே குறிப்பிடுவது என்பன அதன் அடிப்படைகள். நாட்டில் பேச்சுவார்த்தை முறிந்து துப்பாக்கிகள் பேசிய ஆண்டுகளில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத தன்னார்வலர்கள் இதைச் செய்து காட்டினர். அந்த வேலைக்கு உரிய மதிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த முறை ஹல்துமுல்லைக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு மீரியபெத்தையே தகுந்த எடுத்துக்காட்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், மண்சரிவில் புதையுண்டன. அடுத்து வந்த நாட்களின் செய்திகள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றன. பதிவேடுகளும் மண்ணுக்குள் போய்விட, வேலைக்குப் போனவர்கள் எவர், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் எவர், வீட்டில் இருந்தவர்கள் எவர் என்று தெரியாத குழப்பத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை அது. பின்னர் வந்த அதிகாரபூர்வக் கணக்குகள் அதைவிடப் பல மடங்கு குறைந்தன. இத்தகைய கட்டுரையில், முதல் எண்ணிக்கையை எழுதுபவர் பின்னையதை மூடிமறைப்பாகக் கருதுவார். பின்னையதை எழுதுபவர் முதலாவதை வதந்தி என்பார். இருவரிடமும் அச்சிட்ட சான்று இருக்கும். இங்கே எந்த எண் சரி என்று வாதிடுவதைக் காட்டிலும், எந்தத் திகதியில் எவர் சொன்ன எண் என்று பிரித்து எழுதுவதே வழி. சரிவு நிகழ்ந்த மறுநாள் இன்ன செய்தி நிறுவனம் இவ்வளவு என்றது, அதன்பின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இவ்வளவு என்று அறிவித்தது, எண்ணிக்கை குறைந்ததற்குக் கூறப்பட்ட காரணம் இது என்று எழுதினால் எந்தத் தரப்பாருக்கும் அந்த வாக்கியத்தை நீக்க முகாந்திரம் இராது. அவ்வளவே நடுநிலை நோக்கு என்பதன் நடைமுறைப் பொருள்: தரப்புகளை வெட்டிச் சமமாக்குவது அன்று, ஒவ்வொரு கூற்றையும் அதைச் சொன்னவரின் கணக்கில் எழுதுவது.

இதே கட்டுரையில் இன்னொரு பூசலும் காத்திருக்கிறது. அம்மலைச்சரிவு குடியிருக்க ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. எச்சரித்தும் மக்கள் போகவில்லை என்று ஒருவர் எழுதினால், போவதற்கு நிலம் எங்கே கொடுக்கப்பட்டது என்று இன்னொருவர் கேட்பார். லயத்தில் வாழ்பவருக்கு வீட்டடி மண்கூடச் சொந்தமில்லை என்ற பின்னணியை எழுதாமல் முதல் வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்தால், சான்று இருந்தும் கட்டுரை பொய்யாகிவிடும். தம்பி கோபப்பட வேண்டிய இடம் இது என்றால் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது பேச்சுப் பக்கத்தில் வசையாக வடியாமல், காணி உரிமை பற்றிய சான்றுள்ள பத்தியொன்றாகக் கட்டுரைக்குள் வர வேண்டும்.

பெயர் பற்றிய பூசல்களில் இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை. ஹப்புத்தளையா அப்புத்தளையா என்ற வகையில், கிரந்த எழுத்துகளை ஏற்பதா விடுப்பதா என்ற விவாதம் தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றதிலிருந்து வருவோரை அதற்கு அனுப்பும் வழிமாற்றுப் பக்கம் ஒன்றை அமைத்துவிட்டால் வாசகருக்கு எந்தக் குறையும் இல்லை. போலந்தின் கிடான்ஸ்க் நகரை எந்தக் காலத்துக்கு டான்சிக் என்று எழுதுவது என்று 2005இல் ஆங்கில விக்கிப்பீடியர்கள் வாக்கெடுத்து, காலப்பகுதி வாரியாகப் பிரித்துக்கொண்டனர். அதே நகரில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில்தான், கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பித்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றிய கட்டுரைகளின் தரக்குறையைத் தமிழ்த் தொகுப்பாளர்கள் ஆதாரங்களுடன் எடுத்துரைத்தனர். பெரிய நிறுவனம் என்று அஞ்சாமலும், வந்த கட்டுரைகளையெல்லாம் ஆத்திரத்தில் அழித்துத் தள்ளாமலும், குறைகளை வகைப்படுத்திக் காட்டிப் பேசிய அந்த முறை படித்துப் பார்க்கத் தக்கது. மலையக மக்களை இந்தியத் தமிழர் என்பதா, இந்திய வம்சாவளியினர் என்பதா, மலையகத் தமிழர் என்பதா என்ற கேள்வி மட்டும் வெறும் எழுத்து வடிவம் பற்றியதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்பாடும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன. அங்கேயும் அரச ஆவணம் எப்பெயரால் குறித்தது, மக்கள் எப்பெயரைத் தமக்குத் தேர்ந்துகொண்டனர் என்று காலவரிசையில் எழுதுவதே நிலைக்கும்.

உரையாடலில் தம்பி தனியராக நிற்க நேரும்போது, தோட்டத்து நண்பர்களைக் கணக்குத் தொடங்கச் செய்து ஆதரவுக்கு அழைக்கும் ஆசை எழலாம். அதைச் செய்யக் கூடாது. ஒருவரே பல பெயர்களில் எழுதும் கைப்பாவைக் கணக்குகளும், சொல்லிவைத்து வரவழைத்த கூட்டமும் நிர்வாகிகளின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நல்ல சான்றும் அதனால் மதிப்பிழக்கும். ஆட்களின் எண்ணிக்கையால் ஒரு கலைக்களஞ்சியத்தைக் கைப்பற்றினால் என்ன ஆகும் என்பதைக் குரோசிய மொழி விக்கிப்பீடியா காட்டியது. அங்கு ஒரு சிறு குழு பல ஆண்டுகள் நிர்வாகத்தைத் தன்வசம் வைத்துக்கொண்டு மாற்றுக் கருத்தினரை வெளியேற்றி, வரலாற்றைத் தேசியவாதச் சாய்வுடன் எழுதியதை விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு 2021இல் உறுதிசெய்தது. ஆட்தொகை குறைந்த மொழிகளுக்கு இந்த ஆபத்து என்றும் உண்டு. இருவரால் தீராத பூசலை, ஆலமரத்தடி என்று வழங்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்குக் கொண்டுசென்று, விடயத்தில் தொடர்பில்லாத மூன்றாமவரின் கருத்தைக் கேட்பதே தக்கது. அவர் கருத்து எதிராக வந்தால் சில நாட்கள் அந்தப் பக்கத்தைத் தொடாமல் இருப்பதும் பணியின் ஒரு பகுதியே.

எல்லாவற்றிலும் கடினமானது, உண்மை தெரிந்தும் சான்று இல்லாத நிலை. மெய்யறிதன்மை என்ற கொள்கை, வாசகர் எவரும் தேடிப்பார்த்து உறுதிசெய்யக்கூடிய வெளியீட்டில் இல்லாத செய்தியை ஏற்காது. அது தேவையான கொள்கை. அது இல்லையென்றால் விசமிக்கும் அறிஞருக்கும் வேறுபாடு காண வழியில்லை. எனினும் தோட்டத்து மக்களுக்கு அது தரும் சுமை மற்றவர்களுக்குத் தருவதைவிடப் பெரிது. கம்பளை சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்த காலத்தை 1823 என்பாரும் 1824 என்பாரும் இருக்க, முந்தையதைக் கணக்கிட்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டுகள் 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் நினைவுகூரப்பட்டன. அந்த இருநூறு ஆண்டுகளிலும் துரைமாரின் கணக்கேடுகளும் அரசின் அறிக்கைகளும் அச்சேறின, லயத்தில் பேசப்பட்டவற்றில் மிகச் சிலவே அச்சேறின. ஆகையால் ஒரு கோயிலின் தொடக்கம், ஒரு பாடசாலையின் முதல் ஆசிரியர், ஒரு பணிநிறுத்தத்தின் காரணம் ஆகியவற்றைப் பாட்டி சொன்னபடி தம்பி எழுதினால், சான்று கேட்டு நீக்குபவர் விதிப்படி சரியே செய்கிறார். அவரோடு சண்டையிட்டுப் பயனில்லை.

செய்யக்கூடியது வேறு. பாடசாலை ஆண்டுவிழா மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்க மாநாட்டு அறிக்கைகள், அஞ்சலிக் கையேடுகள் என இத்தோட்டங்களில் அச்சானவை பல வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் அறக்கட்டளை இத்தகைய மலர்களையும் ஏற்கிறது. உரியவரின் அனுமதி பெற்று, பக்கங்களை ஒழுங்காக வருடி, வெளியான ஆண்டும் இடமும் குறித்து அங்கே சேர்ப்பித்தால், நாளை அதே வரியைத் தம்பியோ வேறொருவரோ எழுதும்போது பக்க எண்ணுடன் மேற்கோள் காட்டலாம். பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, கட்டுரையாக்கி, உள்ளூர் இதழொன்றில் முதலில் வெளியிடுவதும் அவ்வாறே. மீரியபெத்தையில் குடும்பங்களை இழந்தவர்கள் சொல்வது இன்னும் போதிய அளவில் அச்சில் வரவில்லை. விடுமுறையில் கொஸ்லந்தைப் பக்கம் போகும்போது, அவர்களில் பேச விரும்புவோரிடமிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம்.

அன்புடன்,
மூத்த தொகுப்பாளர் ஒருவர்