ஒரு கூறுக்கு அஞ்சு தக்காளி



சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய மாலைப் படிப்பு மையத்துக்கு எட்டு வயசுப் பிள்ளை ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அறிவுசார் குறைபாடு உள்ளவள். மற்ற பிள்ளைகள் கணக்குப் போடும்போது, வண்ணம் தீட்ட ஒரு தாளைக் கொடுத்து அவளை ஓரமாக உட்கார வைத்தோம். தொந்தரவு இல்லை, எங்களுக்கும் திருப்தி. ஒருநாள் அவளோட அம்மா, நம்ம குழு உறுப்பினர்தான், வந்து கேட்டார்: "சும்மா உக்கார்றதுக்குன்னா வீட்டுலயே உக்காந்திருப்பாளே மேடம், இங்க எதுக்கு?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் பிள்ளையை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து பாடம் நடத்தும் முறையையே மாத்தினோம். அவர் சொன்னது ரொம்ப எளிமை. பிள்ளைக்குத் தனி வேலை கொடுக்காதீங்க, எல்லாருக்கும் ஒரே பாடம், அதில் ஆளுக்கு ஒரு படி.

வாரச்சந்தையை எடுத்துக்கொண்டோம். ஒரு கூடை காய்கறி, ஒரு தராசு, விளையாட்டு ரூபாய் நோட்டு. பேரம் பேசுவதும் காயின் பெயரை எழுதுவதும் தமிழ். எடை போட்டு மீதிச் சில்லறை கொடுப்பது கணக்கு. மண்ணுக்குள்ளே விளைவது எது, செடியில் காய்ப்பது எது என்று பிரிப்பது அறிவியல். மூன்று பாடமும் ஒரே கூடையில் வந்துவிட்டது.

கண் தெரியாத பிள்ளை பாகற்காயைத் தடவியும் கொத்தமல்லியை மோந்தும் பெயர் சொல்லும். விலை கூவி விற்பதற்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது! காது கேளாத பிள்ளைக்குப் படமும் விலையும் போட்ட அட்டை வேண்டும், நம்ம முகத்தைப் பார்க்கிற மாதிரி முன்னால் உட்கார வைக்க வேண்டும். ஒரு இடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்கு எடைக்கல் எடுத்துத் தரும் வேலை.

அந்தப் பிள்ளையை வீட்டுக்கே போய்த் திரும்பக் கூட்டி வந்தோம். அவளுக்குக் கூறு போடும் வேலை. ஒரு கூறுக்கு அஞ்சு தக்காளி. முதல் வாரம் காயைக் காட்ட மட்டும் செய்தாள். பிறகு பெயர் சொன்னாள். மூன்றாம் மாதம் அஞ்சு வரைக்கும் தப்பில்லாமல் எண்ணினாள். அதற்கு மேல் தடுமாற்றம்தான், மறைக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பிள்ளைகள் அவளிடம் "கூறு என்ன விலை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். அங்கே போகிற நம்ம உறுப்பினர்கள், "எங்க பிள்ளைக்கு இந்தப் பாடத்துல என்ன வேலை கொடுத்தீங்க?" என்று டீச்சரிடம் பக்குவமாகக் கேளுங்க. கூடையும் தராசும் நாம கொண்டுபோய்க் கொடுத்தால் அவங்களுக்கும் உதவி.

உங்க ஊரில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளின் பெயர், வயதைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் சேர்ந்தே போய்ப் பேசலாம்.