மேற்பொருந்துதல்: படம் வரைவதற்கு முன் ஒரு கேள்வி

"அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன." சகப்பிணைப்பு பற்றிக் கேட்டால் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் உடனே சொல்லும் விடை இது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குமே, பங்கிட்டால் அணுக்கள் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இதற்கு விடை காணாமல் நான் ஆர்பிட்டால் படங்களுக்குப் போவதில்லை.

ஹெய்ட்லரும் லண்டனும் 1927இல் எடுத்துக்கொண்ட ஹைட்ரஜன் மூலக்கூறே இதற்குப் போதும். இரு அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் 1s ஆர்பிட்டால்கள் மேற்பொருந்துகின்றன. எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரு எலக்ட்ரான்களின் அடர்த்தி உட்கருக்களுக்கு இடையே மிகுகிறது. நடுவிலுள்ள அந்த எதிர்மின்சுமையை இரண்டு உட்கருக்களும் ஈர்க்கின்றன. விலக்கு விசை மறைந்துவிடவில்லை; ஈர்ப்பு அதை மிஞ்சுகிறது.

அப்படியானால் அணுக்கள் ஏன் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடவில்லை? இந்தக் கேள்வியை மாணவர்களே கேட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. ஆற்றல் வரைபடத்தை நான் வரைந்து காட்டுவதில்லை. அவர்களையே ஊகித்து வரையச் சொல்வேன். 74 பிக்கோமீட்டரில் வளைகோடு பள்ளத்தைத் தொடும். அதைவிட நெருங்கினால் உட்கருக்களின் விலக்கம் ஓங்கி, ஆற்றல் மேலேறும். பள்ளம் இருக்கும் தொலைவு பிணைப்பு நீளம். அதன் ஆழம்தான், ஏறத்தாழ, பிணைப்பு ஆற்றல்: மோலுக்கு 436 கிலோஜூல். ஹீலியத்தின் 1s ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அங்கே இது நடப்பதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

சிக்மா, பை வேறுபாட்டுக்குக் கைகளே போதும். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களை நுனியோடு நுனி வைத்துச் சுழற்றலாம், தொடர்பு அறாது. அது சிக்மா. உள்ளங்கைகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஒன்றை மட்டும் திருப்பினால் விலகிவிடும். அது பை. ஈத்தீனில் இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழற்சி தடைபடுவது இதனால்தான். பக்கவாட்டு மேற்பொருந்துதல் குறைவு என்பதை எண்களும் காட்டும்: கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 348 கிலோஜூல், இரட்டைக்கு 610. இரு மடங்கு இல்லை.

ஆக்சிஜனின் p ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று 90° கோணத்தில் உள்ளன. அப்படியே மேற்பொருந்தினால் நீரில் பிணைப்புக் கோணம் 90° இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடில் அது 92°, ஏறக்குறைய சரி. நீரிலோ 104.5°. இனக்கலப்பு பாடத்தை நான் இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறேன்.