ரொபோவும் நம்ம பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடமும்



ரொபோ என்றதும் படங்களில் வரும் இரும்பு மனிதன்தான் நினைவுக்கு வரும். உண்மையில் ரொபோவுக்கு முகமும் வேண்டாம், காலும் வேண்டாம். பார்த்து அறிதல், தீர்மானித்தல், செய்தல் என்ற மூன்று வேலையும் தெரிந்தால் போதும். தேயிலைத் தொழிற்சாலைகளில் உள்ள கலர் சோட்டர் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். விழுகிற தேயிலையைக் கமரா பார்க்கிறது. எது தேயிலை, எது காம்பு என்று நிறத்தை வைத்துக் கணினி தீர்மானிக்கிறது. உடனே காற்று ஊதி, காம்பைத் தள்ளிவிடுகிறது. இதுவும் ரொபோ இனத்தைச் சேர்ந்ததுதான்.

பாடப் புத்தகத்தில் மின்சாரம், விசை, கணக்கு எல்லாம் தனித்தனிப் பாடங்கள். ஒரு ரொபோ செய்யப்போனால் அவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அது ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று பிள்ளையே தேடும். விஞ்ஞானம் என்பதே அந்தத் தேடல்தான்.

வசதியுள்ள பிள்ளைகளுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு மாணவர்களின் வெற்றி

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்றொரு அரசாங்கப் பாடசாலை உண்டு. அங்கே படித்த நான்கு மாணவர்கள் மெக்சிக்கோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். வதிவிடப் பத்திரம்கூட அவர்களிடம் இல்லை. பத்திரம் இல்லாத வாழ்க்கை எப்படி என்று நம்ம பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004 இல் நீருக்கடியில் இயங்கும் ரொபோக்களுக்கு ஒரு போட்டி நடந்தது. இவர்கள் சுமார் 800 டொலர் சேர்த்து, பீ.வீ.சி. குழாய்களை ஒட்டி ஒரு ரொபோ செய்தார்கள். தெரியாததைப் பொறியியலாளர்களிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். போட்டிக்குப் போன இடத்தில், இலத்திரனியல் பாகங்கள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் பாவிக்கும் உறிஞ்சு பஞ்சை உள்ளே வைத்துச் சமாளித்தார்கள். கடைசியில் உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி. பல்கலைக்கழக அணியையும் தாண்டி முதலிடம் பெற்றார்கள்.

அவர்களில் ஒருவர் 2009 இல் பொறியியல் பட்டம் பெற்றார். ஆனால் இன்னொருவர் பல்கலைக்கழகம் போயும், பத்திரம் இல்லாதவர்களுக்குக் கட்டணத்தைக் கூட்டிய சட்டத்தால் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே ரொபோ ஆசையைத்தான் உண்டாக்கும். படிப்பைத் தொடரச் செய்வது பெரியவர்கள் கையில்.

வீட்டிலேயே செய்து பார்க்க

தேவையானவை: உடைந்த விளையாட்டுக் காரின் சின்ன மோட்டர், டோர்ச் பெட்டரி 2, பிளாஸ்டிக் கப் 1, கலர் பேனை 3, அழிறப்பர்த் துண்டு, வயர், ஒட்டும் டேப்.

1. கப்பைக் கவிழ்த்து, மூன்று பேனைகளையும் கால்கள் போல ஒட்டுங்கள்.
2. மோட்டரின் கம்பியில் அழிறப்பரை நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துங்கள்.
3. மோட்டரையும் பெட்டரிகளையும் கப்பின் மேல் ஒட்டி, வயரால் இணையுங்கள்.

பாரம் ஒரு பக்கமாக இருப்பதால் கப் குலுங்கும். குலுங்கிக் குலுங்கிக் கடதாசியில் கோலம் போடும். வயரை மாற்றி இணைத்தால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். இதற்குப் பார்க்கவும் தீர்மானிக்கவும் தெரியாது. ஆகவே முழு ரொபோ இல்லை, முதல் படிதான்.

கவனம்! வீட்டு மின்சாரத்தோடு எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டான் என்று பிள்ளையை அடிக்காதீங்க. உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்க. பெண் பிள்ளையையும் செய்ய விடுங்க. சாதாரண தரம் முடிந்தவுடன் கொழும்புக் கடைக்கு அனுப்ப நினைக்கும் முன், விஞ்ஞான ஆசிரியரை ஒருதரம் கண்டு பேசுங்க. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் உண்டு. அந்த வழியிலும் நம்ம பிள்ளை முன்னேறலாம்.