சவரப்பொறியும் குளியலறை மின்குதையும்

மேற்படிப்பின்பொருட்டுப் பிரித்தானியா செல்லும் நம் மாணவர், அங்குக் குளியலறைச் சுவரிற் சவரப்பொறிக்கெனவே அமைந்த தனிக்குதையைக் காண்பர். அதனுள் நிலைமாற்றி ஒன்றுண்டு. அதன் முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பில்லை. காந்தப்புலமே ஆற்றலைக் கடத்தும். துணைச்சுருள் புவியோடு தொடுக்கப்படாமையால், ஈரத்தரையில் நிற்பவன் ஒரு முனையைத் தீண்டினும் மின்னோட்டம் அவனுடலூடே புவிக்குச் செல்ல வழியில்லை. இரு முனைகளையும் ஒருங்கே தீண்டினாலோ அக்காவல் பயன்படாது. இதனைப் பலர் அறியார்.

இக்குதை சிறுவலுவையே தாங்கும். தலைமயிர் உலர்த்தியை அதிற் செருகலாகாது.

அறையிலுள்ள 13 அம்பியர்க் குதைக்கு, 1 அம்பியர் உருகியுடைய இணைப்பி வேண்டும். புவித்துளையிற் பேனாவைச் செலுத்தி, ஐரோப்பிய இருமுனைச் செருகியை நேரே திணிப்பாரும் உளர். அப்போது அம்மெல்லிய வடத்துக்குக் காவல், பெரும்பாலும் 32 அம்பியர்ச் சுற்றுடைப்பான் ஒன்றே.